உலர்புல் அளந்த மேய்ச்சல்: டோர்பெல் என்னும் சுவிஸ் சிற்றூர்

1483ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருக்கும் டோர்பெல் என்ற ஊரின் குடிகள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். உயரத்தில் இருந்த கோடை மேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றை இனி ஒரு சங்கமாகச் சேர்ந்து நிர்வகிப்போம் என்பது அதன் சாரம். வெளியூரார் டோர்பெலில் நிலம் வாங்கலாம், வந்து குடியேறலாம். அதனால் மட்டும் அவருக்குப் பொதுமேய்ச்சலிலோ காட்டில் மரம் வெட்டுவதிலோ பங்கு வந்துவிடாது என்று அதில் திட்டவட்டமாக எழுதிவைத்தார்கள். 1517இல் எழுதப்பட்ட விதி ஒன்று இதைவிடச் சிறியது, இதைவிட ஆழமானது. குளிர்காலம் முழுவதும் தன்னால் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடிந்த பசுக்களை மட்டுமே ஒருவர் கோடையில் மலைக்கு ஓட்டலாம், அதற்கு மேல் ஒரு பசுகூடக் கூடாது என்றது அந்த விதி.

பொருளியல் மாணவர்கள் டோர்பெலின் பெயரைப் பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருப்பார்கள். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். எல்லாருக்கும் திறந்த ஒரு மேய்ச்சல் நிலத்தைத்தான் அவர் உதாரணமாகக் கற்பனை செய்துகொண்டார். ஓர் ஆயன் கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் லாபம் முழுக்க அவனுக்கு, நட்டமோ எல்லாருக்கும் பங்கு; ஆகவே எல்லாரும் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், புல் அழியும் என்பது அவர் வாதம். அதே காலத்தில், நைஜீரியாவின் கோஃப்யார் மலை உழவர்களிடையே ஆய்வு செய்து முடித்திருந்த அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங், 1970இல் டோர்பெலுக்கு வந்து தங்கினார். 13ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கிடைக்கும் நிலப் பத்திரங்களையும், தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளையும் படித்து, 1981இல் ஊரைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். எலினோர் ஓஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில், நெடுங்காலம் நிலைத்த பொதுவள நிர்வாகத்துக்கு ஜப்பானிய மலைக்கிராமங்களோடும் ஸ்பெயினின் வலென்சியா பாசனத்தோடும் டோர்பெலையும் சேர்த்துக் காட்டினார். அவருக்கு 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தபோது, சுமார் 500 பேர் மட்டுமே வாழும் இந்த ஊரின் பெயரும் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஊரின் மண்ணும் பனியும் பின்தங்கிவிட்டன என்பதே என் குறை. 'நல்ல விதிகள் இருந்தால் பொதுவளம் நிலைக்கும்' என்ற முடிவு மட்டும் எஞ்சியது. அந்த விதிகள் ஏன் அப்படி அமைந்தன, அவற்றைத் தாங்கி நின்றது எது, அவற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சரிவையும் பனியையும் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கு மாநிலம் வாலிஸ். அதன் நடுவே ரோன் ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. மேல் வாலிஸில் ஜெர்மானியக் கிளைமொழி பேசுகிறார்கள். ரோன் கரையில் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிஸ்ப் நகரிலிருந்து தெற்கே திரும்பினால் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு தொடங்கும். சற்றுத் தூரத்தில் ஸ்டால்டன் என்ற ஊரில் அது இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ஸெர்மாட்டுக்கும் மற்றொன்று ஸாஸ் பகுதிக்கும் போகிறது. ஸ்டால்டனுக்கு மேலே, மேற்குச் சரிவில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டோர்பெல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் மேலே ஊசியிலைக் காடு, 2,000 மீட்டரைத் தாண்டியதும் மோஸால்ப் புல்வெளிகள், உச்சியில் கிட்டத்தட்ட 3,000 மீட்டரை எட்டும் ஆக்ஸ்ட்போர்ட்ஹார்ன் சிகரம். வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் திராட்சை விளையும் வெப்பமும், கோதுமைக்கு உறவான ரை தானியம் விளையும் நடுத்தரக் குளிரும், புல் தவிர வேறெதுவும் முளைக்காத உயரக் குளிரும் ஊராரின் நடைதூரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒரு குடும்பம் பிழைக்க இந்த அடுக்குகள் எல்லாவற்றிலும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும்.

மழையோ மிகக் குறைவு. வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ் என்ற இரு பெருஞ்சுவர்கள் இரு புறத்து மழையையும் தடுத்துவிடுகின்றன. ஸ்டால்டன் வட்டாரத்தில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட மூலை அது. கண்ணெதிரே பனிமலைகள், காலடியில் தாகத்தில் காயும் புல்வெளி. எனவே உயரத்து ஓடைகளிலிருந்து சரிவை ஒட்டி மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். பாறை குறுக்கிட்ட இடங்களில் மரத்தொட்டிகளைப் பாறைமுகத்தில் தொங்கவிட்டு நீரைக் கடத்தினார்கள். வாலிஸில் பல வாய்க்கால்களில் ஒரு சிறிய நீர்ச்சக்கரத்தோடு மரச்சுத்தியல் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். நீர் ஓடும்வரை அது பலகையில் அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு என்று காவலாளி இரவில்கூட எழுந்து ஓடுவார். யாருக்கு எவ்வளவு நேரம் நீர் என்பதை மரக்குச்சிகளில் வெட்டுக்குறியாகச் செதுக்கி வைத்தார்கள். எழுத்தறியாதவரும் விரலால் தடவித் தன் பங்கைத் தெரிந்துகொள்ளலாம். இத்தகைய மரபுப் பாசன அறிவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. வாய்க்கால் நீரில் பெரும்பங்கு பாய்ந்தது எங்கே என்பது முக்கியம். அது புல்வெளிக்குப் பாய்ந்தது. மனிதர் தின்னும் ரையைவிடப் பசு தின்னும் புல்லுக்கே அங்கே நீர் அவசியமாக இருந்தது.

காரணம் குளிர்காலம். ஜூன் மாதத்தில் பசுக்கள் மலைமேய்ச்சலுக்கு ஏறும், செப்டம்பரில் இறங்கும். அதன் பிறகு சில வாரம் அறுத்த வயலிலும் ஊரோரத்திலும் மேயும். பனி மூடியதும் அடுத்த வசந்தம்வரை, ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள், கொட்டகையில் நின்றபடி உலர்புல்லைத் தின்றாக வேண்டும். அந்தப் புல்லைக் கோடையின் குறுகிய வெயில் நாட்களில் அரிவாளால் அறுத்து, பரப்பி, புரட்டி, உலர்த்தி, கயிற்றால் பெருங்கட்டாகக் கட்டி, முதுகில் சுமந்து கொட்டகைக்குள் அடைக்க வேண்டும். சரிவில் வண்டி ஓடாது. ஆகவே டோர்பெல் மக்கள் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு செய்திருந்தார்கள். புல்லை ஊருக்குள் கொண்டுவராமல், விளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சிறு சிறு கொட்டகைகளைக் கட்டினார்கள். குளிர்காலத்தில் ஒரு கொட்டகையின் புல் தீர்ந்ததும் பசுக்களை அடுத்த கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போவார்கள். பால் கறக்கவும் தீவனம் போடவும் மனிதர்கள் காலையும் மாலையும் பனியில் ஏறி இறங்குவார்கள். அப்படிச் செய்ததால் புல்லைத் தூரம் சுமக்கும் வேலை மிச்சம். சாணமும் அந்தந்தப் புல்வெளிக்கு அருகிலேயே சேர்ந்துவிடும். வசந்தத்தில் அங்கேயே இறைத்துவிடலாம். ஒரு வீட்டுக்கு இத்தனை கொட்டகைகள், துண்டு துண்டாய் இத்தனை நிலங்கள் எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். வெவ்வேறு உயரத்தில் புல் வெவ்வேறு வாரத்தில் முற்றும் என்பதால், இரண்டு மூன்று பேர் கொண்ட வீடு ஒரே சமயத்தில் அறுவடையில் மூழ்கிவிடாமல் படிப்படியாக மேலேறி அறுத்துக்கொண்டே போகலாம். சிதறிய நிலம் அங்கே குறைபாடு ஆகவில்லை.

கருத்த லார்ச் மரத்தில் கட்டிய தானியக் களஞ்சியங்களும் பார்க்கத் தக்கவை. தரையிலிருந்து சிறு மரக்கால்களில் அவற்றை உயர்த்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான தட்டைக்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் களஞ்சியத்தை அமர்த்தியிருப்பார்கள். காலில் ஏறிவரும் எலி கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். அந்த ரையை அரைத்து, ஊர்ப்பொது அடுப்பில், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் ரொட்டி சுட்டார்கள். மாதக்கணக்கில் வைத்திருந்து, கல்லாக இறுகியதை வெட்டித் தின்றார்கள். விறகு அவ்வளவு அரிது.

நெட்டிங் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரே ஊரில், அதே மக்கள், சில நிலங்களைத் தனியுடைமையாகவும் சிலவற்றைப் பொதுவாகவும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் ஏன் வைத்திருந்தார்கள்? பொதுவுடைமை என்பது பழங்காலத்தின் எச்சம், காலப்போக்கில் தனியுடைமையாக மாறிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. டோர்பெலில் அப்படி நடக்கவில்லை. தோட்டம், ரை வயல், திராட்சை, வாய்க்கால் பாயும் புல்வெளி எல்லாம் தனியுடைமை. விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மலைமேய்ச்சல், காடு, தரிசு, பாதைகள், பாசனக் கட்டமைப்பு ஆகியவை பொது. நெட்டிங் சொன்ன விளக்கம் நிலத்தின் தன்மையிலிருந்து பிறந்தது. பரப்பளவுக்கு விளைச்சல் அதிகம், ஆண்டுதோறும் உறுதியாகக் கிடைக்கும், உழைப்பைக் கொட்டினால் மேலும் கூடும் என்றால், அந்த நிலம் ஒரு வீட்டின் கையில் இருப்பது பொருத்தம். விளைச்சல் குறைவு, நிச்சயமற்றது, எவ்வளவு உழைத்தாலும் பெரிதாகக் கூடாது, பயன்படுத்தப் பெரும் பரப்பு வேண்டும், பராமரிக்கப் பலர் சேர வேண்டும் என்றால் அது பொதுவாக இருப்பதே பொருத்தம். மலைமேய்ச்சலில் ஓர் ஆண்டு ஒரு பக்கத்தில் பனி தாமதமாக உருகும், மறு ஆண்டு மறு பக்கத்தில். அதை வீட்டுக்கு வீடு வேலி போட்டுப் பிரித்தால் வேலிச் செலவே புல்லின் மதிப்பைத் தின்றுவிடும். யாராவது ஒருவர் ஆண்டுதோறும் வெறுங்கையோடு நிற்பார். டோர்பெல் மக்களுக்குத் தனியுடைமை என்ன என்று நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் மலையைப் பொதுவாக வைத்தார்கள்.

இந்த இரண்டு உலகங்களையும் கட்டிப்போட்ட முடிச்சுதான் 1517ஆம் ஆண்டு விதி. பொதுமேய்ச்சலின் அளவு இவ்வளவு, ஆகவே வீட்டுக்கு இத்தனை பசு என்று மேலேயிருந்து பங்கிட அவர்கள் முயலவில்லை. மேய்ச்சலின் தாங்குதிறனை அளப்பது இன்றைய அறிவியலுக்கே கடினம்; 16ஆம் நூற்றாண்டில் அதற்கு வழியே கிடையாது. மாறாக, அளக்க எளிதான ஒன்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்: உன் கொட்டகையில் உள்ள உலர்புல் எத்தனை பசுவைக் குளிர்காலம் தாண்ட வைக்கும்? வசந்தத்தில் மாடு வாங்கி, கோடை முழுதும் பொதுப்புல்லில் கொழுக்க வைத்து, இலையுதிர்காலத்தில் விற்று லாபம் பார்க்க நினைப்பவனை இந்த ஒரு வாக்கியம் தடுத்துவிடுகிறது. ஹார்டின் கற்பனை செய்த ஆயன் இவனேதான். டோர்பெலில் அவன் மாட்டைக் கூட்ட வேண்டுமானால் முதலில் தன் புல்வெளியைக் கூட்ட வேண்டும், அதற்கு நீர்ப்பங்கு வேண்டும், அறுக்க ஆள் வேண்டும், அடைக்கக் கொட்டகை வேண்டும். பொதுமேய்ச்சலுக்கான பூட்டு தனியார் கொட்டகையில் இருந்தது. அங்கே கையாள வேண்டிய எண்ணிக்கையும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலே தெரியக்கூடியது. டோர்பெல் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த புத்திசாலித்தனம் இது.

பார்த்துக்கொள்ள ஆளும் நியமித்தார்கள். கெவால்ட்ஹாபர் என்று அழைக்கப்பட்ட ஊர் அதிகாரி அளவுக்கு மீறி மாடு ஓட்டியவருக்கு அபராதம் விதிப்பார். அபராதத்தில் பாதி அவருக்கே. அண்டை வீட்டார் மீது அபராதம் போட யாருக்கும் கை கூசும். அந்தக் கூச்சத்தை மீற ஒரு காரணத்தை விதியிலேயே வைத்திருந்தார்கள். மலைக்கு ஏறும் பசுக்களை எண்ணிப் பதிவு செய்வார்கள். கோடையின் முடிவில் பாலாடைக்கட்டியைப் பங்கிடுவதும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். பாதை செப்பனிடுவது, பனிச்சரிவில் இடிந்த பட்டியைத் திரும்பக் கட்டுவது, சாணத்தை மேய்ச்சலில் பரப்புவது போன்ற பொதுவேலையும் பெரும்பாலும் ஓட்டிய மாட்டின் அளவுக்கு ஏற்பவே. காட்டில் வெட்டத் தகுந்த மரங்களை ஊர் அதிகாரிகள் முதலில் அடையாளமிடுவார்கள். பின் வீடுகளைக் குழுக்களாகச் சேர்த்து, எந்தக் குழுவுக்கு எந்த மரங்கள் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். காடு பனிச்சரிவைத் தடுக்கும் அரண் என்பதால் அங்கே தவறு நடந்தால் ஊரே புதையும். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாடு வைத்திருக்கும் ஊர்க்குடிகள் விதிகளைப் பேசினார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அண்டை ஊரார் எவரும் தங்களுக்காக இதையெல்லாம் செய்யமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சொத்துப் பிரிவினையில் மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. வயல்கள் மட்டுமல்ல, வீடும் பங்கானது. அடுக்கு வீட்டின் ஒரு தளம் அண்ணனுக்கு, அடுத்தது தங்கைக்கு, நிலவறையில் பாதி ஒருவருக்கு, கொட்டகையில் நாலில் ஒன்று இன்னொருவருக்கு. 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் உரிமையியல் சட்டம் இப்படித் தளம் தளமாகப் புதிதாக உடைமை உண்டாக்குவதைத் தடுத்தது. 1965இல்தான் மறுபடி அனுமதித்தது. மலைக்கிராமங்களில் அது அதற்கு வெகுகாலம் முன்பே நடைமுறை.

இப்போது விலையைப் பற்றிப் பேச வேண்டும். பாடநூல்கள் பெரும்பாலும் இங்கே வேகமாகக் கடந்துவிடுகின்றன. மேய்ச்சல் கெடாமல் இருக்க மாட்டின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டும். நிலம் பொடிப்பொடியாகாமல் இருக்க மனிதர் எண்ணிக்கையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பதிவேடுகளில் நெட்டிங் கண்டது அதைத்தான். தாமதமான திருமணங்கள், வாழ்நாள் முழுதும் மணமாகாமலே கழிந்த பலர், பிள்ளைகளுக்கிடையே நீண்ட இடைவெளி, ஊரை விட்டு வெளியேறியவர்கள். சமபங்கு என்ற அழகான விதிக்கு அடியில், பங்கு கேட்கப் பிள்ளை பெறாத அத்தைகளும் பெரியப்பாக்களும் இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்தது. அதே துண்டு நிலம் ரையைவிட அதிகம் பேருக்குச் சோறு போட்டது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை ஏறியது, நெருக்கடியும் ஏறியது. மேல் வாலிஸ் குடும்பங்கள் பல கடல் கடந்தன. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாநிலத்தில் 1858இல் தொடங்கப்பட்ட சான் ஜெரோனிமோ நோர்தே என்ற ஊர் அவர்கள் உருவாக்கியது.

வாசல் யாருக்குத் திறந்தது என்பதும் விலையில் அடக்கம். பொதுவுரிமை ஊர்க்குடிக்கு மட்டும். அந்தக் குடியுரிமை தந்தைவழி வந்தது. சுவிஸ் சட்டப்படி, மணமான பெண் கணவனின் ஊர்க்குடியுரிமைக்குள் போய்விடுவாள். வெளியூரானை மணந்த டோர்பெல் பெண் நிலத்தில் சமபங்கு பெற்றாலும் மலையில் பங்கை இழந்தாள். 1988இல் திருமணச் சட்டம் மாறும்வரை அதுவே பொதுவிதி. ஊர்க்கூட்டத்தில் வாக்கும் ஆண்களுடையது. மோஸால்பைத் தாண்டி இறங்கினால் எட்டக்கூடிய உண்டர்பாக் என்ற ஊரில்தான் 1957 மார்ச் 3ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் முதன்முதலாகப் பெண்கள் கூட்டாட்சி வாக்கெடுப்பு ஒன்றில் வாக்குப் பெட்டிக்குப் போனார்கள். அந்த வாக்குகளை அரசு செல்லாது என்றது. நாடு முழுவதற்குமான வாக்குரிமை 1971 பிப்ரவரி 7ஆம் தேதிதான் வந்தது. நெட்டிங் டோர்பெலில் ஆய்வு செய்துகொண்டிருந்த காலம் அது. எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது பொதுவள நிர்வாகம் நிலைக்க ஓஸ்ட்ரோம் வகுத்த எட்டுக் கோட்பாடுகளில் முதலாவது. அதை நான் மறுக்கவில்லை. எல்லைக்கு வெளியே நின்றவர்களையும் எண்ணிய பிறகே டோர்பெலைப் பாராட்ட வேண்டும் என்கிறேன்.

ஹார்டினின் வாதத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990களில் அவரே, தான் சொன்னது நிர்வாகமில்லாத பொதுவளத்துக்கு என்று திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம் தேவைப்பட்டதே, வரலாற்றில் இருந்த பொதுமேய்ச்சல்களில் பலவும் யாரோ ஒருவர் எண்ணிக் கணக்கு வைத்தவையே என்பதால்தான்.

ஊரை உண்மையில் மாற்றியது தொழிற்சாலை. 1891இல் ஃபிஸ்ப்பிலிருந்து ஸெர்மாட் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் லொன்சா ரசாயன நிறுவனம் ஃபிஸ்ப்பில் வளர்ந்தது. மேலேயுள்ள ஊர்களின் ஆண்கள் பகலில் ஆலைக்கும் மாலையில் மாட்டுக்கும் என இரு வேலை பார்த்தார்கள். பிறகு ஆலை மட்டும் போதும் என்று ஆனது. ரை வயல்கள் புல்வெளியாயின, புல்வெளிகளில் புதர் ஏறியது. பழைய கொட்டகைகள் சில விடுமுறை வீடுகளாயின. ஒரு நகராட்சியில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2012 மார்ச்சில் நாடு வாக்களித்தபோது, வாலிஸ் மாநிலம் கடுமையாக எதிர்த்தது. விடுமுறை வீடு வாங்கியவருக்கு மலைமேய்ச்சலில் பங்கு உண்டா என்ற கேள்விக்கு 1483இலேயே பதில் எழுதியாகிவிட்டது.

மேய்ச்சலுக்குப் பசு ஏறுவது நிற்கவில்லை. அது இன்று கூட்டாட்சி அரசின் உதவித்தொகையால் தாங்கப்படுகிறது. மலைக்கு ஓட்டப்படும் மாடுகளை, ஒரு முழு மாடு 100 நாள் மேய்வதை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டு அரசு பணம் தருகிறது. பணத்துக்கு நிபந்தனையும் உண்டு. மேய்ச்சலுக்கு நிர்ணயித்த எண்ணிக்கையை அளவுக்கு மீறித் தாண்டினால் தொகை குறையும். எண்ணிக்கை மிகவும் குறைந்தாலும் தொகை குறையும், ஏனென்றால் மாடு மேயாத ஆல்ப்ஸ் புல்வெளியைச் சில ஆண்டுகளில் பச்சை ஆல்டர் புதரும், பின் லார்ச் கன்றுகளும் பிடித்துக்கொள்கின்றன. 1517இல் மேல்வரம்பு மட்டும் எழுதினால் போதுமாக இருந்தது. கீழ்வரம்பை எழுதும் வேலை நம் காலத்துக்கு வந்திருக்கிறது.